எஸ்டிமேட்டில் இல்லாத வரி

காலை பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளை டிஷ்யூ காகிதம். அதன் நடுவே தார்ச் சொட்டு மாதிரி ஒரு கருப்பு வட்டம். சர்வீஸுக்கு விட்டிருந்த என் காரின் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒற்றி எடுத்த ஆயில். கீழே ஒரு வரி: "மேடம், ஆயில் ரொம்ப பிளாக் ஆயிருக்கு, உள்ள டெபாசிட் இருக்கும்." அடுத்த ஐந்தாவது நிமிடம் சர்வீஸ் அட்வைசரே போனில் வந்தார். பேச்சில் மரியாதை இருந்தது, அவசரமும் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.

ஆயிலும் ஆயில் ஃபில்டரும் 3,800 ரூபாய். ஏர் ஃபில்டர் 450. இன்ஜின் ஃப்ளஷ் 650. டீகார்பனைசிங் 2,400. இன்ஜெக்டர் கிளீனிங் 1,500. த்ராட்டில் பாடி கிளீனிங் 750. புது ஆயிலோடு கலக்கிற ஆடிட்டிவ் 900. ஆக மொத்தம் 10,450. "எல்லாமே ரெகமண்டட்தான் மேடம். பண்ணிட்டா இன்ஜின் லைஃப் நல்லாருக்கும், மைலேஜும் கூடும். ஓகேன்னு சொல்லிட்டீங்கன்னா சாயங்காலம் டெலிவரி குடுத்துடலாம்."

வண்டி ஓடியிருப்பது 42,000 கிலோமீட்டர். வாங்கி ஐந்தரை வருஷம் ஆகிறது. பெட்ரோல் இன்ஜின். முந்தின நாள் வரை ஸ்டார்ட்டிங்கில் குறையில்லை, பிக்கப்பில் குறையில்லை, புகையில்லை. அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, கையுறைப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்திருந்த ஓனர்ஸ் மேனுவலைத் தேடி எடுத்தேன்.

அந்த அரை மணி நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஒரு மெக்கானிக் அல்ல, ஓர் உயிரியலாளர். சி. எச். வாடிங்டன், கருவளர்ச்சியையும் மரபியலையும் ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் அவரைப் போன்ற விஞ்ஞானிகள் சிலரை பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவு வேலைக்கு வைத்துக்கொண்டது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறக்க வேண்டிய விமானங்கள், வானத்தில் இருப்பதைவிட ஹேங்கரில் பராமரிப்புக்காகக் கிடக்கும் நேரம் அதிகமாக இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் 50 மணி நேரம் பறந்ததும் ஒரு கட்டாயப் பரிசோதனை உண்டு. வாடிங்டனின் குழு ஒரு எளிய கணக்கைப் போட்டது: பரிசோதனை முடிந்த எத்தனையாவது மணி நேரத்தில் எத்தனை பழுது வருகிறது?

பரிசோதனை பயன் தருகிறதென்றால், அது முடிந்த கையோடு பழுதுகள் குறைவாக இருக்க வேண்டும். அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்கக் கூட வேண்டும். வரைபடம் தலைகீழாக வந்தது. பரிசோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. அடுத்த பரிசோதனையில் கை வைத்ததும் மறுபடி ஏறின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கழற்றி மாட்டியதே பழுதுக்குக் காரணம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. இறுக்கம் பிசகிய நட்டு, சரியாக உட்காராத கேஸ்கெட், உள்ளே விழுந்த தூசி, மாற்றி மாட்டிய வயர். தேவையற்ற வேலைகளை நீக்கி, இடைவெளிகளை நீட்டியதும் விமானங்கள் அதிக நேரம் பறந்தன. போர் முடிந்து வெகுகாலம் கழித்து, 1973-இல்தான் இதையெல்லாம் வாடிங்டன் புத்தகமாகப் போட்டார்.

இது போர்க்கால அவசரத்தில் நடந்த விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் என்ற இரண்டு பொறியாளர்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். விமான உதிரிபாகங்கள் வயதாக ஆக எப்படிக் கெடுகின்றன என்று பிரித்துப் பார்த்ததில், 'இத்தனை மணி நேரம் ஆனால் மாற்று' என்ற விதியால் பலன் பெறக்கூடியவை 11 சதவீதம் மட்டுமே. 68 சதவீதம் வேறு விதமானவை: புதிதாக மாட்டியபோது கெடும் வாய்ப்பு அதிகம், அதைத் தாண்டிவிட்டால் வயதுக்கும் பழுதுக்கும் தொடர்பே இல்லை. இந்தச் சிந்தனை ஏற்கெனவே விமானங்களுக்குள் நுழைந்திருந்தது. பழைய டிசி-8 விமானத்தில் குறித்த காலத்தில் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டியவை என்று 339 உறுப்புகள் பட்டியலில் இருந்தன. பின்னால் வந்த டிசி-10 விமானத்தின் பட்டியலில் ஏழு. அதனால் விமானப் பயணத்தின் பாதுகாப்பு குறைந்துவிடவில்லை.

எங்கள் தெரு முனையில் அப்பா காலத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெரியவர் இதையே ஒரு வரியில் சொல்வார்: "ஏம்மா, நல்லா ஓடுற வண்டிய எதுக்கு நோண்டணும்?" ஆனால் அதே மனிதர் ஆயில் மாற்றும் தேதி தவறினால் என்னைத் திட்டுவார். இரண்டும் முரண் இல்லை. இன்ஜினுக்குள் இரு வகைப் பொருட்கள் இருக்கின்றன. ஒன்று, செலவாகித் தீர்பவையும் தானாக மூப்படைபவையும்: ஆயில், கூலண்ட், ரப்பர் பெல்ட், ரப்பர் ஹோஸ், ஃபில்டர் காகிதம், ஸ்பார்க் பிளக்கின் முனை. நௌலனும் ஹீப்பும் சொன்ன அந்தச் சிறு பங்கைச் சேர்ந்தவை இவைதான். காலண்டர் பார்த்து மாற்றினால் பலன் உண்டு. மற்றொன்று, ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி ஓடும் உலோகம். அதற்கு வேண்டியது அந்தப் படலம் அறுபடாமல் இருப்பது மட்டுமே. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு காலண்டர் தாளைப் பார்த்தால், ஏழு வரிகளும் தாமாகவே இரண்டாகப் பிரிகின்றன.

முதலில் அந்தக் கருப்புச் சொட்டு. ஆயில் கருப்பானது கெட்டதற்கு அடையாளம் இல்லை. நல்ல ஆயிலில் அழுக்கைக் கழுவும் வேதிப்பொருள்களும், கழுவிய கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து மிதக்க வைக்கும் வேதிப்பொருள்களும் கலந்திருக்கின்றன. கரி சுவரில் படியாமல் ஆயிலில் மிதப்பதால்தான் ஆயில் கருக்கிறது. டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கருத்துவிடும். ஐந்தாயிரம் கிலோமீட்டர் ஓடியும் தேன் நிறத்திலேயே இருந்தால்தான், கழுவும் வேலை நடக்கிறதா என்ற கேள்வி வர வேண்டும்.

ஆயில் உண்மையில் கெடுவது கண்ணுக்குத் தெரியாத வழிகளில். சூட்டில் அது காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்லக் கெட்டியாகிறது. வெப்பம் சுமார் 10 டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எரிபொருள் எரிந்ததில் உண்டாகும் அமிலங்களை முறிக்க ஆயிலில் கலந்திருக்கும் காரப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது. அது தீர்ந்த பிறகு அமிலம் பேரிங்குகளைத் தின்னத் தொடங்கும். குறைந்த தூர ஓட்டத்தில் இன்னொரு கேடு உண்டு. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, வீடு என்று மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை அணைத்தால், கூலண்ட் சூடாகியிருக்கும், ஆயில் முழுதாகச் சூடாகியிருக்காது. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

அதனால்தான் கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பிழையாகிறது. நெடுஞ்சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் என்பது சுமார் 167 மணி நேர உழைப்பு. சென்னை அண்ணா சாலை நெரிசலில் சராசரி 20-இல் ஊர்ந்தால் அதே 10,000 கிலோமீட்டருக்கு 500 மணி நேரம். மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும். ஆயில் மூன்று மடங்கு உழைத்திருக்கும். மேனுவலின் பின் பக்கங்களில் 'கடினமான சூழல்' என்று ஒரு தனி அட்டவணை இருக்கும். தூசி, குறைந்த தூர ஓட்டம், நின்று நின்று போகும் நெரிசல் என்று அதில் எழுதியிருப்பதைப் படித்தால் நம் ஊர் வண்டிகளில் பாதி அதற்குள் வந்துவிடும். அந்த அட்டவணைப்படி ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது நியாயமான செலவு. அது போலவே முக்கியம், மேனுவல் சொன்ன கிரேடைப் போடுவது. பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்குழாயின் நடுவே கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். சாம்பல் குறைந்த ஆயில் வேண்டிய வண்டியில் 'இதுவும் நல்ல ஆயில்தான்' என்று வேறொன்றை ஊற்றினால், மிச்சப்படுத்திய சில நூறு ரூபாய் பின்னால் பெரும் தொகையாகத் திரும்பி வரும்.

ஆக, முதல் வரி சரி. 3,800 ரூபாய்க்கு மறுபேச்சு இல்லை.

அடுத்தது ஃப்ளஷ். பழைய ஆயிலை இறக்குவதற்கு முன் ஒரு டப்பா கரைப்பானை அதில் ஊற்றி, இன்ஜினைப் பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வடிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஷாஃப்ட் சுழலும்போது ஆயிலைத் தன்னோடு இழுத்து அந்த இடுக்கில் ஓர் ஆப்பு மாதிரி செருகிக்கொள்கிறது; அந்த ஆப்பின் மேல் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. லட்சம் கிலோமீட்டர் ஓடியும் பேரிங் தேயாமல் இருப்பதன் ரகசியம் அவ்வளவுதான். அந்த ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறைக்கும் ஒன்றைத்தான் நாம் காசு கொடுத்து ஊற்றுகிறோம். பத்து நிமிட ஐட்லிங்கில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வேளாவேளைக்கு ஆயில் மாற்றிய இன்ஜினில் கழுவுவதற்கும் ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் ஆயில் மாற்றாமல் உள்ளே சகதி படிந்த இன்ஜின் என்றால் இன்னும் ஆபத்து: ஒரே மூச்சில் பெயரும் கட்டிகள், சம்ப்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு நல்ல ஆயிலைக் குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவதே பொறுமையான, பாதுகாப்பான வழி. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளின் மேனுவலிலேயே ஃப்ளஷ் வேண்டாம், அதனால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று அச்சிட்டிருக்கிறது.

ஆடிட்டிவ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிலில் எந்த வேதிப்பொருள் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பல இன்ஜின்களை ஓட்டிச் சோதித்து முடிவுசெய்த பிறகே டப்பாவில் தர முத்திரை விழுகிறது. அதன் மேல் இன்னொன்றைக் கொட்டினால் அந்தச் சமநிலைதான் கலையும். அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற புகழ்பெற்ற ஆடிட்டிவின் விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1997-இல் அது சமரசத்தில் முடிந்தது. அந்த மாதிரி விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன.

ஆயிலுக்கு அடுத்தபடியாக டீகார்பனைசிங்தான் பட்டியலில் விலை உயர்ந்தது. அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பின்னால் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது.

இன்ஜினில் கரி படியும். அதில் சந்தேகமில்லை. எங்கே படிகிறது, எந்த இன்ஜினில் படிகிறது என்பதுதான் கேள்வி. நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை எம்பிஎஃப்ஐ வகை. இவற்றில் பெட்ரோல், உள்ளிழுப்பு வால்வுக்கு வெளியே, அதன் முதுகில் படும்படி பீய்ச்சப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோல் அந்த வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகிறது. 42,000 கிலோமீட்டருக்குள் அங்கே தொல்லை தரும் அளவுக்குக் கரி சேர்வது அரிது. பெயரில் ஜிடிஐ, டிஜிடிஐ, டிஎஸ்ஐ என்று வரும் இன்ஜின்கள் வேறு. அவற்றில் பெட்ரோல் மிகுந்த அழுத்தத்தில் நேராக எரியறைக்குள்ளேயே பாய்கிறது. வால்வின் முதுகை எதுவும் கழுவுவதில்லை. கிராங்க் கேஸிலிருந்து திருப்பிவிடப்படும் ஆயில் ஆவி அதன் மேல் பட்டுப் பட்டு வறுபட்டு, அடிப்பிடித்த பாத்திரம் போல் ஆகிவிடும். பல பத்தாயிரம் கிலோமீட்டர் கழித்து ஐட்லிங்கில் உதறலும் பிக்கப் குறைவும் வரும்.

இப்படிப்பட்ட வால்வைச் சுத்தம் செய்ய உருப்படியான வழி ஒன்று உண்டு. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வை மூடிய நிலையில் வைத்து, வால்நட் ஓட்டைப் பொடித்த துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுரண்டுவது. ஓடு கரியைவிடக் கடினம், உலோகத்தைவிட மென்மை. முன்னும் பின்னும் படம் எடுத்துக் காட்ட முடியும். ஆனால் எனக்குச் சொல்லப்பட்ட டீகார்பனைசிங் அது அல்ல. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் ஐட்லிங்கில் ஓடும் இன்ஜினுக்குள் அரை மணி நேரம் விடுகிற பெட்டி. அந்த வாயு வால்வின் முதுகைக் கடக்கும்போது எரிவதே இல்லை. உள்ளே போன பிறகுதான் எரிகிறது. ஆகவே வெளியே இருக்கும் கரியை அது தொடப்போவதில்லை. உள்ளே? எரியறையில் பெட்ரோல் எரியும்போதே சுடர் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. 3,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,500 முறை இது நடக்கிறது. அத்தனைக்கும் தாக்குப்பிடித்து ஒட்டியிருக்கும் கரி, குளிர்ந்த சுவரை ஒட்டியிருப்பதால்தான் பிழைத்திருக்கிறது. கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து ஐட்லிங்கில் ஓட்டினால் அந்தச் சுவரின் குளிர்ச்சி மாறப்போவதில்லை. டீசலில் நிலைமை வேறு. அங்கே புகைக்கரியும் ஆயில் ஆவியும் கலந்து இன்டேக் வழியையே அடைக்கும். அதற்கும் கழற்றிக் கழுவுவதே மருந்து.

மைலேஜ் கூடும் என்ற பேச்சைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். என் வண்டி லிட்டருக்கு 16 கொடுக்கிறது. அடுத்த 10,000 கிலோமீட்டருக்கு 625 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 62,500 ரூபாய். 2,400 ரூபாயை மீட்க, கிட்டத்தட்ட 4 சதவீதம் பெட்ரோல் மிச்சமாக வேண்டும். அதுவும் ஒரு வாரம் அல்ல, அடுத்த சர்வீஸ் வரை. 16 கொடுக்கும் வண்டி 16.6-க்கு மேல் கொடுத்து, அதிலேயே நிற்க வேண்டும். ஏசி போட்டோமா, டயரில் காற்று எவ்வளவு, நெரிசல் எப்படி என்பதிலேயே இதைவிட அதிகமாக ஏறி இறங்கும். குறையே இல்லாத இன்ஜினில் மீட்டெடுக்க அந்த 4 சதவீதம் எங்கே ஒளிந்திருக்கும்?

இன்ஜெக்டர் கிளீனிங்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஸ்கேனர்ல ஃப்யூயல் டிரிம் எவ்வளவு காட்டுது?" புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இன்ஜினின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. அந்தத் திருத்தத்தின் அளவுதான் ஃப்யூயல் டிரிம். இன்ஜெக்டர் அடைத்தால் பெட்ரோல் குறையும், கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே போகும், எண் ஏறும். கூட்டல் கழித்தல் பத்து சதவீதத்துக்குள் இருந்து, மிஸ்ஃபயரும் இல்லையென்றால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கக் காரணமில்லை. அட்வைசரிடம் கேட்டேன். பக்கத்தில் யாரையோ பார்க்கச் சொன்னார். மூன்று சதவீதம் என்று பதில் வந்தது. த்ராட்டில் பாடியும் அப்படித்தான்: காற்றுக்குழாயைக் கழற்றி டார்ச் அடித்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். தட்டின் விளிம்பில் பிசுக்கு தடித்து ஐட்லிங் ஏறி இறங்கினால் துடைக்கலாம். துடைத்த பின் தட்டின் நிலையைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்பிக்கத் தெரிந்தவர் துடைக்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் பற்றி எனக்கே நெடுநாள் ஒரு தவறான எண்ணம் இருந்தது: அடைத்தால் பெட்ரோல் குடிக்கும் என்று. கார்புரேட்டர் காலத்தில் அது உண்மை. 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இன்றைய கார்களின் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து அளந்து பார்த்தது. பெட்ரோல் செலவு மாறவில்லை. வேகம் எடுப்பதுதான் மந்தமானது. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. த்ராட்டில் தட்டு எப்படியும் காற்றை மறித்துக்கொண்டுதான் இருக்கிறது, அடைத்த ஃபில்டர் அதோடு சேர்ந்து கொஞ்சம் மறிக்கிறது, அவ்வளவே. ஆனாலும் ஏர் ஃபில்டரை நான் தள்ளிப் போடமாட்டேன். சாலைத் தூசியில் இருப்பது பெரும்பாலும் மணல் துகள். சிலிண்டர் சுவரைக் கீற அதற்குத் தெம்பு உண்டு. கம்ப்ரஸர் காற்றைக் கிட்டே வைத்துப் பலமாக அடித்து 'சுத்தம்' செய்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதைவிட 450 ரூபாய் எவ்வளவோ மேல்.

இதுவரை பட்டியலில் இருந்தவை. மேனுவலைப் புரட்டும்போது பட்டியலில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. கூலண்ட்: 1,00,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு, எது முந்துகிறதோ அது. என் வண்டிக்கு ஐந்தரை ஆண்டு ஆகிவிட்டது. கிலோமீட்டரோ பாதிகூட ஆகவில்லை. ஜாப் கார்டு கிலோமீட்டரைப் பார்த்துத் தயாராகியிருக்க வேண்டும். ஏழு வரிகளில் கூலண்ட் இல்லை.

எனக்குக் கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது. காரணம் என் சித்தப்பா. நான்கு வருஷம் முன்பு சித்திரை வெயிலில், திண்டுக்கல் தாண்டி வேடசந்தூர் பக்கம் அவருடைய கார் நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறபோதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார், இரண்டு வருஷமாக. பானட்டைத் திறந்தபோது பக்கத்துத் தொட்டியில் இருந்தது புளித்தண்ணீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. மேல் ஹோஸ் நீளவாக்கில் வெடித்திருந்தது. வெடித்த வாயின் ஓரத்தில் ரப்பர் பிஸ்கட் மாதிரி விரலில் உதிர்ந்தது. டெம்பரேச்சர் முள் மேலே போனதை அவர் கவனிக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கூலண்ட் என்பது நிறம் போட்ட தண்ணீர் இல்லை. பாதி எதிலீன் கிளைக்கால், அது கொதிநிலையை உயர்த்துகிறது. அதைவிட முக்கியம், அதில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் துருத்தடுப்புப் பொருள்கள். அலுமினிய ஹெட், இரும்பு, ரேடியேட்டர், பம்ப் என்று வெவ்வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்திருக்கும்போது அரிப்பு இயல்பாகவே நடக்கும். அதைத் தடுக்கும் வேலையில் அந்தப் பொருள்கள் வருஷா வருஷம் தீர்ந்துகொண்டு வருகின்றன. வண்டி ஓடினாலும் தீரும், ஷெட்டில் நின்றாலும் தீரும். போர் தண்ணீரின் உப்பு இன்னும் வேகமாகத் தீர்த்து, நுண்குழாய்களில் காறையாகப் படியும். அப்புறம் ஓவர்ஹீட். இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கும் இன்ஜின்களில், ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். சூடு எல்லை மீறினால் ஹெட் வளையும், நடுவில் உள்ள கேஸ்கெட் போகும். சித்தப்பாவின் வண்டிக்கு ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து, கேஸ்கெட் மாற்றி, வண்டி வெளியே வர மூன்று வாரம் ஆனது. கூலண்டும் ஹோஸும் காலத்தில் மாற்றியிருந்தால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

டைமிங் பெல்ட் இருக்கிற வண்டிக்காரர்கள் இதே கண்ணோடு மேனுவலைப் பார்க்க வேண்டும். எல்லா இன்ஜினிலும் பெல்ட் இல்லை, பலவற்றில் செயின். பெல்ட் என்றால் அது ரப்பர், வயது உண்டு. பிஸ்டன் மேலே வரும்போது வால்வுகள் வழிவிட்டு விலக வேண்டும், அந்தத் தாளத்தைக் கட்டிக் காப்பது பெல்ட். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்த கணத்தில் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை முட்டி வளைத்துவிடும். அறும் முன் அது சத்தம் போடாது, மைலேஜைக் குறைக்காது, டேஷ்போர்டில் விளக்கு எரியவிடாது. பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறதே என்று தள்ளிப்போடக் கூடாத செலவு இது.

போனில் மறுபடி அட்வைசரிடம் பேசினேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் சரி. ஃப்ளஷ், டீகார்பனைசிங், இன்ஜெக்டர், த்ராட்டில், ஆடிட்டிவ் ஐந்தும் வேண்டாம், 6,200 ரூபாய். கூலண்ட் மாற்ற வேண்டும், எல்லா ஹோஸையும் அழுத்திப் பார்த்துச் சொல்ல வேண்டும். சற்று நேரம் அவர் பக்கம் பேச்சில்லை. "கூலண்ட் லிஸ்ட்ல வரல மேடம்" என்றார். மேனுவலில் பக்க எண்ணைச் சொன்னேன். பார்த்துவிட்டு, "கரெக்ட்தான் மேடம், ஆட் பண்ணிடறேன்" என்றார். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாதக் கடைசியில் எத்தனை கூடுதல் சர்வீஸ் விற்றாய் என்று அவரைக் கேட்பவர்கள் இருப்பார்கள். கூலண்ட் தேதியைக் கவனித்தாயா என்று கேட்பவர் இருப்பாரா என்பது சந்தேகமே. ஹோஸ்களில் ஒன்று தளர்ந்திருப்பதாக ஒரு மணி நேரத்தில் அவரே அழைத்துச் சொன்னார். 380 ரூபாய். மாற்றச் சொன்னேன்.

இன்னொன்றும் கேட்டேன்: பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் கட்டி டிக்கியில் வைக்க வேண்டும். 1946-இல் அமெரிக்காவின் டென்வர் - ரியோ கிராண்ட் ரயில் நிறுவனத்தின் ஆய்வகத்தார், டீசல் இன்ஜின்களின் பழைய ஆயிலில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து, எந்த இன்ஜினுக்குள் என்ன தேய்கிறது என்று பிரிக்காமலே சொல்லத் தொடங்கினார்கள். இன்று லாரி நிறுவனங்களும் மின் நிலையங்களும் அதைச் செய்கின்றன. நமக்கு அந்தக் கருவி இல்லை. ஆனால் சிறு விமானங்களைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஃபில்டரைப் பிரித்து விரித்துப் பார்ப்பார்கள். அதைச் செய்யக் கண்ணும் வெளிச்சமும் போதும்.

என் வண்டியில் இருப்பது தகர டப்பா இல்லாத, காகிதச் சுருளை மட்டும் மாற்றுகிற வகை. இரவு சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து, பிளேடால் சுருளை அறுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். ஆயில் நாற்றம் கையெல்லாம் ஏறியது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு மடிப்பாக நகர்த்தினேன். இரும்புத்தூள் இருந்தால் மினுங்கும், பேரிங் தேய்ந்திருந்தால் செம்பு நிறமும் தெரியும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். ஃபிரிட்ஜ் கதவில் இருந்து எடுத்த காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலே தடவினேன். கடைசி மடிப்பு வரை கருப்புதான் இருந்தது. எதுவும் மினுங்கவில்லை.